மூட்டைக்குச் சரி, குன்றிமணிக்கு?

போன இதழில் வந்த அந்தக் கட்டுரையை ஒரு முறை படித்ததோடு விட்டிருப்பேன். எங்கள் ஊர்ப் பெயர் அதில் நான்கு இடங்களில் வந்திருந்ததால் மறுபடி எடுத்துப் படிக்க வேண்டியதாயிற்று. நான்கு இடத்திலும் புதூர்நாடு ஓர் ஊராக வரவில்லை. தராசுத் தட்டில் தூக்கி வைக்கும் எடைக்கல்லாக வந்திருக்கிறது. எதிர்த்தட்டில், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சில ஆய்வுக்கூடங்களில் மிதந்துகொண்டிருக்கும், கண்ணுக்கே தெரியாத ஒரு கண்ணாடி மணி. கல்லை வைத்ததும் தட்டு டொக்கென்று தாழ்ந்தது. தீர்ப்பும் முடிந்தது.

கட்டுரையாளர் சொல்வதைச் சுருக்கித் தருகிறேன், திரிக்கவில்லை. தலைமுடியின் தடிமனைவிடக் குறைந்த தூரத்திலும் ஈர்ப்பு விசை நியூட்டன் சொன்னபடிதான் நடந்துகொள்கிறதா என்று பார்ப்பதற்காக, விஞ்ஞானிகள் ஒரு நுண்மணியை வெற்றிடத்தில் மிதக்கவிட்டு அளக்கிறார்கள். அது வீண்வேலை. மிதக்கிற பொருள் ஈர்ப்பை ஏற்கெனவே வென்றுவிட்டது, அதை வைத்து ஈர்ப்பை அளப்பது நீச்சல்காரனிடம் மூழ்குவது எப்படி என்று கேட்பது போல. நிலாவுக்கும் வியாழனுக்கும் சரியாக வருகிற விதி முடியளவுக்கு வந்ததும் மாறிவிடுமா? இத்தனை வருடம் தேடியும் யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை. காவலூரில் அரை நூற்றாண்டாகத் தொலைநோக்கி வைத்து வானத்தைப் பார்த்தார்கள், அதே மலையில் இருக்கும் புதூர்நாட்டுக்கு ஒழுங்கான ரோடு வந்ததா? ஆகவே இந்தியா இந்த ஆராய்ச்சிப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கக் கூடாது.

நான் இந்த மலையில் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறவன். ரோட்டைப் பற்றியும் எனக்குத் தெரியும், ஈர்ப்பைப் பற்றியும் கொஞ்சம் தெரியும். கட்டுரையாளர் இரண்டைப் பற்றியும் எழுதியிருக்கிறார் என்பதுதான் வேடிக்கை.

நீச்சல்காரனிலிருந்து தொடங்குகிறேன். உவமை நன்றாகவே இருக்கிறது, இயற்பியல்தான் இல்லை. மிதக்கும்போது ஈர்ப்பு இல்லாமல் போவதில்லை, சரிக்கட்டப்படுகிறது. மரத்தில் தொங்குகிற பலாப்பழமும் விழாமல்தான் இருக்கிறது. அது ஈர்ப்பை வென்றுவிட்டது என்று நம்பி அதன் அடியில் பாய் விரித்துப் படுப்பாரா நம் கட்டுரையாளர்? அங்கே காம்பு செய்கிற வேலையை இங்கே ஒளி செய்கிறது. ஒளி படுகிற பொருளைத் தள்ளும். வெயில் நம் முதுகையும் தள்ளிக்கொண்டுதான் இருக்கிறது, நமக்குத் தெரிகிற அளவுக்கு இல்லை, அவ்வளவுதான். பொருள் மிகச் சிறியதாக, ஒளி மிகக் குவிந்ததாக இருந்தால் அந்தத் தள்ளல் எடைக்கு ஈடாகிவிடும். ஆர்தர் ஆஷ்கின் என்பவர் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1970-ல் லேசர் ஒளியில் நுண்துகள்களைப் பிடித்துக் காட்டினார். அடுத்த ஆண்டே டிசிட்ஸிக் என்பவரோடு சேர்ந்து, 20 மைக்ரான் அளவுள்ள ஒரு கண்ணாடி மணியை, கீழேயிருந்து மேலே பாய்ச்சிய லேசர் கற்றையின் மீது நிற்க வைத்தார். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். ஒளியால் துகளைப் பிடிக்கும் அந்த வேலைக்கு நோபல் பரிசு வந்தது 2018-ல், ஆஷ்கினுக்கு 96 வயதானபோது. எதற்குப் பயன், எப்போது பயன் என்று கேட்பவர்கள் இந்த இடைவெளியைக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

எண்ணெய்க் கடையில் காலி டப்பாவை வைத்து, முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் எண்ணெய் ஊற்றுவார்கள். பூமி அந்த மணியைக் கீழே இழுக்கிற இழுப்பு, டப்பாவின் எடை. அதை ஒளி சரிக்கட்டிவிடுகிறது. பிறகு பக்கவாட்டில் இன்னொரு சிறு பொருளைக் கொண்டுபோனால், அதை நோக்கி மணி இம்மியளவு நகர்கிறதா என்று பார்க்கலாம். அந்த நகர்வுதான் எண்ணெய். டப்பாவின் எடையைக் கழித்துவிட்டதால் எண்ணெயின் எடையும் போய்விட்டது என்று வாதாடுகிறவரிடம் எந்தக் கடைக்காரரும் வியாபாரம் செய்யமாட்டார்.

மிதக்கவிடுவதற்குக் காரணமும் இருக்கிறது. இருநூறு ஆண்டுக்கும் மேலாக ஈர்ப்பை அளந்தவர்கள் பெரும்பாலும் ஓர் இழையில் கட்டித் தொங்கவிட்டுத்தான் அளந்தார்கள். இழை என்றால் முறுக்கு உண்டு, விறைப்பு உண்டு, வெப்பத்தில் நீளுவது உண்டு, அறையின் நடுக்கம் அதன் வழியாக இறங்குவதும் உண்டு. வெற்றிடத்தில் ஒளியின் மீது மிதக்கிற மணியைத் தாங்கி நிற்கும் திடப்பொருள் எதுவும் கிடையாது. தொடுகிற காற்றும் ஏறக்குறைய இல்லை. தனியாக விட்டால்தான் ஒரு பொருள் மெல்லிய இழுப்புக்கும் அசைந்து கொடுக்கும்.

அடுத்தது, நியூட்டன் தீர்த்துவைத்துவிட்டார் என்ற வாதம். இதற்கு என் தாத்தா போதும்.

அந்தக் காலத்தில் கீழ்நாட்டு வியாபாரிகள் புளிக்கும் கடுக்காய்க்கும் தேனுக்கும் மலையேறி வருவார்கள். புளி மூட்டையைக் கொக்கித் தராசில் மாட்டித் தூக்குவார்கள். மூட்டைக் கணக்கு பெரும்பாலும் சரியாகத்தான் இருக்குமாம். வம்பு வருவது தேன்மெழுகு நிறுக்கும்போது. தாத்தா தனக்கென்று சில கற்களை வைத்திருந்தார், ஒவ்வொன்றின் எடையும் அவருக்கு நிச்சயம். மெழுகை ஏற்றுவதற்கு முன் வியாபாரியின் தராசில் அந்தக் கற்களை ஏற்றச் சொல்வார். "மூட்டைக்குச் சரியாத்தான்யா இருக்கு, இதுக்கு மட்டும் தப்பாவா காட்டும்?" என்று வியாபாரி கோபிப்பாராம். தாத்தா பதிலே சொல்லமாட்டார், கல்லை நீட்டிக்கொண்டு நிற்பார். மூட்டைக்குச் சரியாக இருக்கிற தராசு குன்றிமணிக்கும் சரியாக இருக்கும் என்பதை, நிறுத்துப் பார்க்காமல் அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவர். கட்டுரையாளர் நிறையப் படித்தவர் என்று கேள்வி. அவர் நிற்பது வியாபாரி பக்கம்.

கணக்கைப் பார்ப்போம். நியூட்டன் விதியை வெளியிட்டது 1687-ல். இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று இழுப்பதை ஓர் அறைக்குள் வைத்து கேவண்டிஷ் அளந்து காட்டியது 1798-ல், பெரிய ஈயக் குண்டுகளையும் சிறிய குண்டுகளையும் வைத்து. அதற்கே நூற்றுப் பத்து ஆண்டு ஆயிற்று. அவருடைய குண்டுகளின் மையங்களுக்கு நடுவில் ஒரு சாணுக்குக் கிட்டத்தட்ட தூரம் இருந்தது. அதற்குப் பின் இருநூறு ஆண்டு கழிந்து, 1998-ல், அர்கானி-ஹமெத், டிமோபௌலோஸ், துவாலி என்ற மூவர் ஒரு கேள்வி கேட்டார்கள். ஈர்ப்பு ஏன் மற்ற விசைகளைவிட இவ்வளவு சோனியாக இருக்கிறது? நமக்குத் தெரியாத கூடுதல் பரிமாணங்களுக்குள் அது கசிந்துபோகிறதோ? அப்படி இரண்டு கூடுதல் பரிமாணங்கள் இருந்தால், அவை ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக்கூட இருக்கலாம் என்றார்கள். அந்தத் தூரத்துக்குள் நெருங்கினால் விதியே மாறும். நியூட்டன் கணக்கில் தூரம் பாதியானால் இழுப்பு நான்கு மடங்கு, இவர்கள் கணக்கில் பதினாறு மடங்கு.

இதைக் கேட்டதும் இயற்பியலாளர்கள் என்ன செய்திருக்க வேண்டும்? அதெல்லாம் எப்போதோ அளந்தாயிற்று என்று ஏட்டைப் புரட்டிக் காட்டியிருக்க வேண்டும். புரட்டினார்கள், பக்கம் காலியாக இருந்தது. மில்லிமீட்டருக்கும் கீழே ஈர்ப்பை யாரும் ஒழுங்காக அளந்திருக்கவில்லை. வியாழன் வரைக்கும் போன விதி, கட்டைவிரல் நகத்தின் தடிமனுக்கு வந்ததும் சரிபார்க்கப்படாமல் கிடந்தது. கட்டுரையாளர் தீர்ந்துபோனதாகச் சொல்லும் விஷயத்தின் நிலைமை இதுதான்.

சியாட்டிலில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு இழையில் தொங்கும் முறுக்குத் தராசைக் கொண்டு 2001-ல் 218 மைக்ரான் வரைக்கும் இறங்கியது. 2020-ல் 52 மைக்ரானைத் தொட்டது. அங்கே வரைக்கும் நியூட்டன் தேறிவிட்டார். நம்மில் பலருக்கு ஒரு முடியின் தடிமன் அதைவிட அதிகம். இன்னொரு விஷயமும் உண்டு. பிரபஞ்சத்தை வேகமாக விரியச் செய்கிற இருண்ட ஆற்றலின் அடர்த்தியை ஒரு நீளமாக மாற்றிப் பார்த்தால் சுமார் 85 மைக்ரான் வருகிறது. பெரிய பிரபஞ்சத்தின் புதிருக்கும் இந்தச் சின்னத் தூரத்துக்கும் ஏதோ உறவு இருக்கலாம் என்று ஆட்கள் முனைப்பாகத் தேடியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னும் கீழே இறங்கினால் நம் அறியாமை வேகமாகப் பெருகுகிறது. ஸ்டான்ஃபோர்டில் ஒரு குழு 2008-ல் நுண்ணிய சிலிக்கான் நாக்கு ஒன்றைக் கொண்டு அளந்தது. 10 மைக்ரான் தூரத்தில், ஈர்ப்பைவிட 14,000 மடங்குக்கு மேல் வலுவான புது விசை எதுவும் கிடையாது என்று அவர்கள் நிறுவினார்கள். மேலோட்டமாகப் படித்தால் விசை இல்லை என்ற செய்தி போலத் தெரியும். 13,000 மடங்கு வலுவாக ஒன்று அங்கே இருந்திருந்தால் அந்தக் கருவிக்குத் தெரிந்திருக்காது என்பதும் அதே வாக்கியத்துக்குள்தான் இருக்கிறது. தராசில் பதினாலாயிரம் மடங்கு பிழை இருக்க இடம் உண்டு என்று தெரிந்தும், "மூட்டைக்குச் சரி" என்று ஒருவர் வாங்கிக்கொண்டு போகிறார் என்றால், அந்த மனிதரை எங்கள் சந்தைக்கு அனுப்பி வையுங்கள். நன்றாக வியாபாரம் நடக்கும்.

இங்கே கட்டுரையாளருக்கு ஒரு தடியை நானே எடுத்துக் கொடுக்கிறேன். கொஞ்சம் படித்திருந்தால் அவரே எடுத்திருக்கலாம். மிதக்கும் மணியை வைத்து ஸ்டான்ஃபோர்டில் கிராட்டா குழு 2021-ல் வெளியிட்ட முடிவு, அந்த 2008 முடிவைவிடப் பல மடங்கு பலவீனமானது. பத்து மைக்ரானுக்கு மேற்பட்ட வீச்சுள்ள விசைகளில், ஈர்ப்பைப் போல் சுமார் பத்துக் கோடி மடங்கும் அதற்கு மேலும் உள்ளவற்றைத்தான் இல்லையென்று அவர்களால் ஒதுக்க முடிந்தது. "மிதக்கவிட்டு அளப்பது பழைய முறையைவிட மோசம்" என்று அவர் எழுதியிருந்தால் நான் கொஞ்சம் திணறியிருப்பேன். அவரோ நீச்சல்காரனைக் கூட்டிவந்தார்.

திணறிய பிறகு நான் சொல்லியிருக்கக்கூடியது இது. பழைய முறையிலும் புதிய முறையிலும் பிழைகள் வேறு வேறு இடத்திலிருந்து வருகின்றன. ஒரே மாதிரித் தராசு நூறு இருந்தாலும், எல்லாவற்றுக்கும் ஒரே கோளாறு இருந்தால் கண்டுபிடிக்க முடியாது. வேறு வகைத் தராசு ஒன்று வேண்டும், முதலில் அது கரடுமுரடாகத்தான் இருக்கும். கேவண்டிஷின் தராசு இன்றைய கண்ணுக்குக் கரடு இல்லையா?

அந்த 2021 சோதனையில் மிதந்த சிலிக்கா மணியின் குறுக்களவு 7.6 மைக்ரான். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கில் பாதிகூடத் தேறாது அதன் எடை. அப்படிப்பட்ட இரண்டு மணிகளை 20 மைக்ரான் இடைவெளியில் வைத்து, அவற்றுக்குள் எவ்வளவு ஈர்ப்பு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நியூட்டன் என்ற அலகில் எழுதினால் புள்ளிக்குப் பிறகு இருபத்தைந்து பூஜ்யம் போட்டுத்தான் முதல் இலக்கத்துக்கு வரவேண்டும். இது ஏன் கடினமான வேலை என்பதற்கு என் வகுப்பில் ஒரு காட்சி உண்டு. பிளாஸ்டிக் சீப்பை எண்ணெய் தேய்க்காத தலையில் நாலு தடவை இழுத்து, பெஞ்சின் மேல் கொட்டிவைத்த சாமை உமிக்கு மேலே காட்டினால் உமி துள்ளிப் போய்ச் சீப்பில் ஒட்டிக்கொள்ளும். கீழே மொத்த பூமியும் அந்த உமியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறது. மேலே இருப்பதோ பத்து ரூபாய்ச் சீப்பு. சீப்பு ஜெயிக்கிறது. மின்னூட்டத்துக்கு முன்னால் ஈர்ப்பு அவ்வளவு சோனி.

அதனால் மிதக்கும் மணியில் ஒரே ஓர் எலக்ட்ரான் கூடுதலாக இருந்தாலும் போச்சு. பக்கத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு வோல்ட் என்ற சாதாரண மின்புலம் இருந்தால், அந்த ஒற்றை எலக்ட்ரான் வாங்குகிற இழுப்பு, மேலே சொன்ன ஈர்ப்பைப் போல் கிட்டத்தட்ட ஐநூறு கோடி மடங்கு. ஆகவே அளப்பதற்கு முன் மணியின் மேல் புற ஊதா ஒளியைக் காட்டி எலக்ட்ரான்களை உதிர்க்கிறார்கள். மின்புலத்தை ஏற்றி இறக்கி ஆட்டும்போது மணியும் கூட ஆடும். ஒவ்வோர் எலக்ட்ரான் போகும்போதும் அந்த ஆட்டம் ஒரு படி குறையும். மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணிக்கொண்டே வந்து, ஆட்டம் நின்றதும் பூஜ்யம் என்று எழுதுகிறார்கள். கூடை நெல்லில் ஒரு மணி கூடுதலா குறைவா என்று கண்டுபிடிக்கிற நுணுக்கம் இது. மின்னூட்டம் மொத்தத்தில் பூஜ்யமானாலும், மணிக்குள் ஒரு பக்கம் கொஞ்சம் கூடி மறுபக்கம் குறைந்திருக்கலாம், அதுவும் இழுக்கும். உலோகப் பரப்புகளிலேயே இடத்துக்கு இடம் மின்னழுத்தம் மாறும். இன்னும் நெருங்கினால், 1948-ல் காசிமிர் என்பவர் சொன்ன, வெற்றிடத்திலேயே பிறக்கிற இழுப்பு வேறு வந்து குறுக்கே நிற்கும். இத்தனை பேர் கூச்சலிடுகிற சந்தையில் ஈர்ப்பின் முனகலை எப்படிக் கேட்பது?

தாளம் வைத்துக் கேட்கிறார்கள். தங்கமும் சிலிக்கானும் மாறி மாறி வரிசையாக அடுக்கிய ஒரு நுண்தகட்டை மணிக்குப் பக்கத்தில் முன்னும் பின்னும் ஆட்டுகிறார்கள். கனமான தங்கம் ஒருமுறை, லேசான சிலிக்கான் ஒருமுறை என்று மணியைக் கடந்துபோகும். பொருண்மையைப் பார்த்து இழுக்கிற விசை ஏதாவது இருந்தால், அந்தத் தாளத்துக்கு மணி தலையாட்டியாக வேண்டும். மற்ற அசைவுகளையெல்லாம் தள்ளிவிட்டு அந்தத் தாளத்தை மட்டும் பொறுக்குகிறார்கள். திருவிழாக் கூட்டத்தில் பக்கத்து ஆள் பேசுவது கேட்காது, தூரத்துப் பம்பையின் அடி மட்டும் தனியாகக் கேட்கும் இல்லையா, அதே கதை.

நெவாடா பல்கலைக்கழகத்தில் ஜெராசி குழு 2016-ல் 300 நானோமீட்டர் மணிகளைப் பிடித்து, ஸெப்டோநியூட்டன் அளவில் விசையை உணர்ந்து காட்டியது. அது புள்ளிக்குப் பிறகு இருபது பூஜ்யம். இன்னும் நான்கைந்து பூஜ்யம் தாண்ட வேண்டும். வேறொரு பக்கத்திலிருந்து, சவுதாம்ப்டன், லெய்டன் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் 2024 பிப்ரவரியில் வெளியிட்ட சோதனையில், மீக்கடத்திக் கிண்ணத்துக்குள் காந்தத்தால் மிதந்த 0.43 மில்லிகிராம் துகளின் மீது, வெளியே சக்கரத்தில் சுழன்ற இரண்டரைக் கிலோ அளவுள்ள பாளங்களின் ஈர்ப்பு அளக்கப்பட்டது. இதில் புது விசையைத் தேடவில்லை, பழைய ஈர்ப்பையே இவ்வளவு சிறிய மிதக்கும் துகளில் அளந்து பார்த்தார்கள். ஈர்ப்பை அளக்க மிதக்கும் பொருள் உதவாது என்று நம் கட்டுரையாளர் தீர்ப்பு எழுதுவதற்கு முன்பே அது நடந்து முடிந்திருந்தது.

எதுவும் கிடைக்கவில்லை என்ற வாதத்துக்கு வருகிறேன். இதுதான் எனக்குக் கோபம் வந்த இடம்.

1986-ல் ஃபிஷ்பாக் என்பவரும் கூட்டாளிகளும், ஹங்கேரியில் எட்வோஷ் என்பவர் பல்லாண்டுகளுக்கு முன் எடுத்த அளவைகளைத் தூசிதட்டி, ஐந்தாவதாக ஒரு விசை இருக்கலாம் என்று எழுதினார்கள். சில நூறு மீட்டர் வீச்சு, ஈர்ப்பில் நூற்றில் ஒரு பங்கு அளவு. உலகமே பரபரத்தது. அடுத்த ஆண்டு தீபெர்கர் என்பவர் அமெரிக்காவில் ஒரு செங்குத்துப் பாறையின் விளிம்பில் தண்ணீர்த் தொட்டி வைத்து, அதில் உள்ளீடற்ற செப்புக் குண்டு ஒன்றை அமிழ்த்தி மிதக்கவிட்டார். குண்டு பாறையைவிட்டு மெல்ல மெல்ல விலகிப் போயிற்று! மிதக்கும் பொருளை வைத்து ஈர்ப்பைச் சோதிக்கிற யோசனை லேசருக்காகக் காத்திருக்கவில்லை. விலகியதற்குக் காரணம் ஐந்தாம் விசை என்றால் இயற்பியலைத் திருத்தி எழுத வேண்டும். யார் சரிபார்ப்பது?

சரிபார்த்தவர்களில் நம்மவர்களும் உண்டு. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ராமநாத் கௌசிக், கிருஷ்ணன், டாண்டன், உன்னிகிருஷ்ணன் ஆகியோர், கர்நாடகத்தில் கௌரிபிதனூருக்குப் பக்கத்தில் பூமிக்கடியில் 25 மீட்டர் ஆழத்தில் ஓர் அறை தோண்டி, அதற்குள் முறுக்குத் தராசை வைத்து அளந்தார்கள். மேலே வெயிலடித்தாலும் பனியடித்தாலும் கீழே வெப்பம் அசையாது என்பதற்காக அந்த ஆழம். 1988-லும் 1990-லும் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்கள் தேடிய அளவில் ஐந்தாம் விசை இல்லை. உலகின் வேறு பல இடங்களிலும் அதே பதில் வந்தது. பரபரப்பு அடங்கியது.

கட்டுரையாளர் கணக்கில் கௌரிபிதனூரில் கிடைத்தது ஒன்றுமில்லை. உலகமே "இருக்கிறது, இருக்கிறது" என்று குதித்தபோது "இல்லை" என்று அளந்து சொன்னது அவருக்கு வெறுங்கை. அவர் வீட்டில் கர்ப்பிணிக்கு ரத்தம் எடுத்து, சர்க்கரை இல்லை என்று ரிப்போர்ட் வந்தால், ஒன்றும் கிடைக்கவில்லையே என்று பரிசோதனைப் பணத்தைத் திருப்பிக் கேட்பாரா? இன்னொன்றும் அவருக்குத் தெரியாது போலிருக்கிறது. இந்தியா இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்கிறார், ஏற்கெனவே பூமிக்கடியில் இறங்கிப் படுத்து எழுந்தாயிற்று. படுத்து எழுந்தவர்களில் முதல்வரான கௌசிக்தான் பிறகு 1992-லிருந்து இந்திய வான் இயற்பியல் நிறுவனத்துக்கு இயக்குநராக வந்தார். காவலூர் தொலைநோக்கிகளை நடத்துகிற அதே நிறுவனம். கட்டுரையாளர் வெவ்வேறாக எடுத்துத் திட்டிய இரண்டும் ஒரே வீட்டுச் சாமான்.

காவலூர் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். 1977 மார்ச் 10-ம் தேதி ஒரு விண்மீனை யுரேனஸ் கோள் மறைத்துக் கடக்கவிருந்தது. ஆலங்காயத்துக்கு மேலே நம் காவலூரில் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோள் மறைப்பதற்கு முன்பே விண்மீன் கொஞ்ச நேரம் மங்கியது. யுரேனஸுக்குப் புதிய துணைக்கோள் என்று எழுதினார்கள். விமானத்தில் பறந்துகொண்டு பார்த்த அமெரிக்கக் குழுவின் பதிவுகளோடு சேர்த்துப் பார்த்தபோது, அது துணைக்கோள் இல்லை, வளையம் என்று தெரிந்தது. விளக்கம் மாறியது, அளவு மாறவில்லை. நம் மலையில் பதிவான அந்தச் சின்ன மங்கல் இன்றைக்கும் மங்கல்தான். இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் "வானத்தைப் பார்த்துக் காலம் கழித்த இடம்" என்று அவர் பட்டம் கொடுக்கிறார்.

இனி பணம். கட்டுரையில் 2,600 கோடி என்று ஒரு தொகை பெரிதாக வருகிறது. அது மகாராஷ்டிரத்தில் ஹிங்கோலி மாவட்டத்தில் வரவிருக்கும் லைகோ-இந்தியா ஈர்ப்பலை ஆய்வகத்துக்கு 2023-ல் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்ட தொகை. நான்கு கிலோமீட்டர் நீளக் கைகள் கொண்ட கட்டுமானம் அது, விண்வெளியிலிருந்து வரும் ஈர்ப்பலைகளைப் பிடிப்பதற்கு. மிதக்கும் மணிச் சோதனை ஒரு மேசை மேல் நடப்பது. லேசர், வெற்றிடக் கலம், கண்ணாடிகள், பொறுமையான நாலைந்து ஆராய்ச்சி மாணவர்கள். இந்தத் திறமையின் முதல் பாதி, ஒளியால் துகளைப் பிடிப்பது, சென்னை ஐஐடியிலும் பெங்களூர் ராமன் ஆய்வு நிறுவனத்திலும் ஏற்கெனவே வேறு வேலைகளுக்குப் புழக்கத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் ஈர்ப்பு என்ற சொல் பொதுவாக இருப்பதால் யானை வாங்கிய கடனை எறும்பின் தலையில் எழுதிவிட்டார். தெரியாமல் செய்திருந்தால் அவர் இதைப் பற்றி எழுதியிருக்கக் கூடாது. தெரிந்தே செய்திருந்தால், தாத்தாவின் தராசுக் கதையை அவர் இன்னொரு முறை படிக்கட்டும்.

கடைசியாக எங்கள் ரோடு. கட்டுரையில் உண்மை இருக்கிற ஒரே இடம் இதுதான், அதனால்தான் அதிகமாக வலித்தது. திருப்பத்தூரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வருகிறவர்களுக்குத் தெரியும். புதூர்நாடு வந்து சேர்ந்தால் பாதை முடிவதில்லை, பல சிற்றூர்களுக்கு அங்கிருந்துதான் உண்மையான பாதை தொடங்குகிறது. மழைக்காலத்தில் பிரசவ வலி வந்தவளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு இறங்கிய இரவு ஒன்று எனக்கும் உண்டு. அவர் எனக்குக் கஷ்டத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

நான் கேட்பது ஒன்றுதான். ஒரு மேசைச் சோதனையை நிறுத்தினால் மிச்சமாகிற பணம் எந்த வழியில் எங்கள் மலைக்கு ஏறி வரும்? எந்தத் துறையிலிருந்து எந்தத் துறைக்கு, எந்தக் கணக்குத் தலைப்பில்? இந்த மலையில் ரோடு தாமதமாவதற்குக் காசு மட்டும் காரணமில்லை. காப்புக்காட்டு நிலத்தில் ரோடு போட 1980-ம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதி வேண்டும், அது வருடக் கணக்கில் இழுக்கும். இதற்கென்றே 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் 3(2) என்ற பிரிவு இருக்கிறது. பள்ளிக்கூடம், மருந்தகம், குடிநீர்க் குழாய், ரோடு போன்றவற்றுக்கு, ஓர் இடத்துக்கு ஒரு ஹெக்டேருக்கு உட்பட்ட வனநிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், கிராம சபையின் பரிந்துரையோடு ஒதுக்கலாம். எங்கள் ரோட்டின் மேல் இத்தனை பாசம் வைத்திருக்கிறவர், ஒரு முழுக் கட்டுரையில் இந்தப் பிரிவைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. வனத்துறை என்ற சொல்லே அதில் இல்லை. திருப்பத்தூரில் இருக்கிற அலுவலகத்தைக் கேள்வி கேட்பது கஷ்டம். ஸ்டான்ஃபோர்டில் மிதக்கிற மணியைத் திட்டுவது சுலபம், அது திரும்பப் பேசாது.

சாமை விதைக்கிறவனுக்கு மைக்ரான் எதற்கு என்று கட்டுரையில் ஒரு வாக்கியம் வேறு. ஒரு சாமை அரிசியின் மேல் உமி எத்தனை மெல்லியது, இயந்திரத்தில் எந்த இடைவெளி வைத்தால் உமி போய் அரிசி உடையாமல் வரும் என்று பார்க்கிறவர்கள் எங்கள் பெண்கள். சின்ன அளவு அவர்களுக்குப் புதிதில்லை. பிள்ளைகளும் சளைத்தவர்கள் இல்லை. சீப்பு, உமி சோதனையைக் காட்டியபோது ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "சார், சீப்பை இன்னும் கிட்டக் கொண்டுபோனா பூமியோட இழுப்பும் மாறுமா?" என்று கேட்டாள். கேள்வியை அவள் கொஞ்சம் குழப்பித்தான் கேட்டாள். ஆனால் கிட்டப் போனால் ஈர்ப்பு மாறுமா என்பதைத்தான் சியாட்டிலிலும் ஸ்டான்ஃபோர்டிலும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கட்டுரையாளர் அந்த இடத்தில் இருந்திருந்தால், நியூட்டன் சொல்லிவிட்டார், உட்கார் என்று சொல்லியிருப்பார்.

அக்டோபர் 2-ம் தேதி எங்கள் ஊரில் கிராம சபை. 3(2) பிரிவின் கீழ் தீர்மானத்துக்கான மனுவை நான் எழுதி வைக்கிறேன். கட்டுரையாளர் அன்றைக்கு மலையேறி வரட்டும். வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்க ஓர் ஆள் குறைகிறது. வகுப்பறையின் சாவி என்னிடம்தான் இருக்கும். சீப்பு அலமாரியின் மேல் தட்டில், உமி கீழே தகர டப்பாவில்.